இரண்டு பிரதிகள்

(சிங்கப்பூரில், நூலக அரங்கொன்றில் கூடிய தமிழ் வாசகர்களிடையே ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

நூலகத்துக்குள் வாயைத் திறந்தாலே அதட்டு வாங்கிய தலைமுறை என்னுடையது. அதே நூலகத்தில் இன்று என் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்து, "ஐயா, கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள், பின்வரிசைக்குக் கேட்கவில்லை" என்கிறார்கள். அறுபது ஆண்டுகளாக அடக்கி வைத்ததையெல்லாம் இன்றைக்கே கொட்டிவிடும் ஆசை எனக்கு இருக்கிறது. கூட்டத் தலைவர் நாற்பது நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். பிழைத்தீர்கள்.

நம் தேசிய நூலகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எத்தனை கிளை, எத்தனை மாடி என்று அடுக்க நான் வரவில்லை. அந்தக் கணக்கு முன்வரிசையில் இருக்கும் நூலக அலுவலர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பேச நினைப்பது நூலகத்தின் கதவைப் பற்றி. யாருக்கு அது திறந்திருந்தது, யாருக்கு மூடியிருந்தது, திறந்த பிறகு அதன் வழியே நாம் எதை எடுத்துப் போனோம், எதைக் கொண்டுவந்து கொடுத்தோம் என்பதைப் பற்றி.

1845-இல் 'சிங்கப்பூர் நூலகம்' என்ற பெயரில் ஒன்று தொடங்கியது. பங்கு வாங்கியவர்களும் சந்தா கட்டியவர்களும் படிக்கலாம். பிராஸ் பசா சாலையில் இருந்த பள்ளிக் கட்டடத்தில்தான் முதலில் இடம். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள் இந்த ஊரில் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் அவர்கள் கைதான். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவனும் இருந்திருப்பான். அவனுக்கும் அந்த நூலகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சந்தா ஒரு தடை, மொழி இன்னொரு தடை, அவன் காலில் கிடந்த சங்கிலி மூன்றாவது.

சந்தாவை நம்பிய நூலகம் கடனில் விழுந்தது. 1874-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டு, ராஃபிள்ஸ் பெயரில் நூலகமும் அருங்காட்சியகமுமாக ஒன்றாகச் சேர்த்துவிட்டது. 1887-இல் ஸ்டாம்ஃபர்டு சாலையில் குவிமாடம் வைத்த வெள்ளைக் கட்டடம் வந்தது. இப்போது தேசிய அரும்பொருளகம் இருக்கிறதே, அதுதான். உள்ளே உட்கார்ந்து வாசிக்கக் காசு வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப்போகச் சந்தா வேண்டும். புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம். இந்த ஏற்பாடு இன்னும் எழுபது ஆண்டுகள் ஓடியது.

நடுவில் போர் வந்தது. அந்தக் கதையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

1942 பிப்ரவரி 15 அன்று ஊர் ஜப்பானியர் கையில் விழுந்தது. பூமலை என்று நாம் சொல்லும் தாவரவியல் பூங்காவில் துணை இயக்குநராக இருந்தவர் கார்னர் என்ற ஆங்கிலேயர். காளான் ஆராய்ச்சிக்காரர். மற்ற வெள்ளைக்காரர்கள் சாங்கிச் சிறைக்கு நடந்துகொண்டிருந்தபோது, இவர் ஆளுநரிடம் போய், அருங்காட்சியகத்தையும் நூலகத்தையும் பூங்காவையும் காப்பாற்றும்படி ஜப்பானியரைக் கேட்டுக்கொள்ளும் குறிப்பு ஒன்றை எழுதி வாங்கினார். பென்சிலால் எழுதிய குறிப்பு. அதை எடுத்துக்கொண்டு எதிரியிடம் போனார். அங்கே வந்து சேர்ந்தவர் தனகாடதே என்ற ஜப்பானியப் பேராசிரியர், எரிமலைகளை ஆராய்ந்தவர். இவர் காளான், அவர் எரிமலை. இருவரும் சேர்ந்து, கைவிடப்பட்ட வீடுகளில் சிதறிக் கிடந்த புத்தகங்களைக்கூட அள்ளிக்கொண்டு வந்து அந்த வெள்ளைக் கட்டடத்தில் சேர்த்தார்கள். பின்னால் டோக்குகாவா என்ற ஜப்பானியப் பிரபு தலைமைப் பொறுப்புக்கு வந்து அதற்குக் காவலாக நின்றார். போர் முடிந்தபோது நூலகம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. கார்னருக்குக் கிடைத்த பரிசு, எதிரியோடு ஒத்துழைத்தவர் என்று சொந்த நாட்டவர் சிலர் சொன்ன பழி. ஊரே எரியும்போது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை யாருக்கும் பிடிப்பதில்லை. நல்லவேளை, அவர் ஓடினார்.

1953-இல்தான் கதவு திறந்தது. திறந்தவர் லீ கோங் சியான், ரப்பரிலும் அன்னாசியிலும் பொருள் சேர்த்த சீன வணிகர். பொதுநூலகம் கட்ட 3,75,000 வெள்ளி தருவதாகச் சொன்னார். அன்றைக்கு அது பெரிய தொகை. ஆனால் தொகையைவிட அவர் போட்ட நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நூலகம் இலவசமாக இருக்க வேண்டும். இந்த மண்ணில் மக்கள் பேசும் மொழிகளிலும் புத்தகம் இருக்க வேண்டும். சீன வணிகர் ஒருவர் போட்ட அந்த நிபந்தனையின் நிழலில்தான் தமிழ்ப் புத்தகமும் உள்ளே வந்தது. நாம் போராடி வாங்கியது என்று மேடையில் பேசிக்கொள்ள நமக்கு ஆசைதான். உண்மை அதுவல்ல.

1957 ஆகஸ்டு 16 அன்று அவரே அடிக்கல் நாட்டினார். நூலகத்தை அருங்காட்சியகத்திலிருந்து பிரிக்கும் சட்டம் 1958 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 1960 நவம்பர் 12 அன்று அப்போதைய அரசுத் தலைவர் யூசோஃப் இஷாக் திறந்துவைத்தார். அடுத்த மாதமே ராஃபிள்ஸ் பெயர் போய், 'தேசிய நூலகம்' என்ற பெயர் நின்றது. அந்த ஆண்டிலேயே அதன் இயக்குநராக வந்தவர் ஹெட்விக் அனுவார், அந்தப் பதவிக்கு வந்த முதல் சிங்கப்பூரர். பிறகு 1965-இலிருந்து 1988 வரை அந்த நாற்காலியில் இருந்தார். இந்த ஊரின் நூலகத்தில் நல்லது என்று நாம் சொல்வதில் பாதிக்கு விதை போட்டவர் அவர் என்பது என் கருத்து.

சிவப்புச் செங்கல் கட்டடம் அது. வெள்ளை அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு செங்கல் குவியலா என்று அப்போது ஊரே முகம் சுளித்தது. நான் முதலில் உள்ளே போனபோது எனக்கு எட்டு வயது. அப்பா துறைமுகத்தில் கூலி வேலை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைச் சனிக்கிழமையே போட்டுக்கொண்டு என்னைக் கூட்டிப்போனார். வாசல் படியில் நின்று செருப்பைக் கழற்றினார். காவலாளி ஓடிவந்து, "போட்டுக்கொள்ளுங்கள் அண்ணே, இது கோயில் இல்லை" என்றார், மலாயில். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். உள்ளே போனதும், "எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்டார். ஒன்றும் கட்ட வேண்டாம் என்று முகப்பில் இருந்த பெண் சொன்னார். அப்பா நம்பவில்லை. இரண்டு முறை கேட்டார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் திருப்பித் தரவேண்டிய தேதியை 'டக்'கென்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேருந்தில் அப்பா அந்த முத்திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தேதி தவறிவிடுமோ என்ற பயம் அவருக்கு. அந்தப் புத்தகத்தை நான் படித்ததைவிட அவர் பத்திரப்படுத்தியதே அதிகம்.

எங்கள் கம்பத்துக்கு (கிராமத்துக்கு) நடமாடும் நூலக வண்டியும் வந்தது. 1960-இல் தொடங்கிய சேவை அது. மழைமரத்தடியில் வண்டி நிற்கும். சேற்றுக் காலோடு ஏறக் கூடாது என்பதால் வரிசையில் நிற்கும்போதே ஒருவன் காலை இன்னொருவன் கழுவிவிடுவோம். பிள்ளைகள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்குக் குடிபோனபோது நூலகமும் பின்னாலேயே போனது. 1970-இல் குவீன்ஸ்டவுனில் முதல் முழுநேரக் கிளையைத் திறந்தவர் பிரதமர் லீ குவான் இயூ. நாலு ஆண்டு கழித்துத் தோ பாயோ. குடியிருப்பு எங்கே எழுகிறதோ அங்கே சந்தை, மருந்தகம், பள்ளி, அதோடு நூலகம் என்று திட்டம் போட்டார்கள். படிப்பதைச் சோற்றுக்கும் மருந்துக்கும் பக்கத்தில் வைத்த அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும்.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒருகாலத்தில் முகம் சுளித்த அதே ஊர், ஃபோர்ட் கேனிங் மலைக்கடியில் சுரங்கப்பாதை போடுவதற்காகச் செங்கல் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பதறிப்போனது. மக்கள் நாளிதழ்களுக்கு எழுதினார்கள். கட்டடக் கலைஞர்கள் மாற்று வரைபடம் தந்தார்கள். அரசு அசையவில்லை. 2004 மார்ச் 31 கடைசி நாள். அன்றைக்கு நானும் போயிருந்தேன். வாசிக்கவா வந்திருந்தோம், வழியனுப்ப வந்திருந்தோம். இன்று அங்கே மிஞ்சியிருப்பது வாயில் தூண்கள் இரண்டு. சுரங்கப்பாதை வழியாகக் கார்களுக்குச் சில நிமிடம் மிச்சமாகிறது என்கிறார்கள். எனக்குக் கார் இல்லை.

2005-இல் விக்டோரியா தெருவில் 16 மாடியோடு புதிய கட்டடத்தைத் திறந்துவைத்தவர் அதிபர் எஸ். ஆர். நாதன். ஏழாவது மாடியிலிருந்து பதின்மூன்றாவது வரை இருக்கும் ஆய்வு நூலகத்துக்கு லீ கோங் சியான் பெயர்தான்.

இதற்கு இடையில் 1995-இல் தேசிய நூலக வாரியம் அமைந்தது. அதுவரை நூலகம் என்றால் நீண்ட வரிசை. இரவல் பெற ஒரு வரிசை, திருப்பித்தர ஒரு வரிசை. பிள்ளை பசியில் அழும், அம்மா புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார். 1998-இல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில், உலகிலேயே முதல் முறையாக, புத்தகத்துக்கெல்லாம் ஆர்எஃப்ஐடி வில்லை ஒட்டினார்கள். புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இரவல் பதியும் தட்டில் வைக்கிறீர்கள். நாலைந்தின் பெயரும் ஒரே மூச்சில் திரையில் வந்து நிற்கிறது. பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. திருப்பித் தருவதற்குச் சுவரில் ஒரு வாய். நள்ளிரவில் போட்டாலும் விழுங்கிக்கொள்ளும். அடுத்த ஆண்டே ஆர்ச்சர்ட் சாலையில் துணிக்கடைக்கும் கைப்பைக் கடைக்கும் நடுவே ஒரு நூலகத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே வைத்தால் யார் வருவார் என்று நானே கேட்டேன். கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே படித்துவிட்டு வந்தேன்.

இப்போதைய சேவைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே நேரத்தில் 16 புத்தகம், 21 நாள் தவணை. அதற்கு மேல் மின்னூல், ஒலிநூல். கைப்பேசிச் செயலியிலேயே இரவல் பதிந்துகொள்ளலாம். உலகத்து நாளிதழ்களை வீட்டிலிருந்தே புரட்டலாம். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 2004 முதல் தொண்டூழியர்கள் கதை வாசித்துக் காட்டுகிறார்கள். அதில் தமிழ் தெரிந்த தொண்டூழியர்கள் எப்போதும் தேவை. இந்த அரங்கிலேயே பத்துப் பேர் கண்ணில் படுகிறீர்கள். நிகழ்ச்சி முடிந்து உங்களைப் பிடிக்கிறேன்.

பாராட்டிக்கொண்டே போனால் இது விளம்பரமாகிவிடும். 2014-இல், ஆண் பென்குவின்கள் இரண்டு ஒரு குஞ்சை வளர்க்கும் கதை உட்பட மூன்று சிறுவர் நூல்களை, குடும்ப நெறிக்கு ஒவ்வாதவை என்று புகார் வந்ததால் நூலகம் அலமாரியிலிருந்து எடுத்தது. அழித்துவிடப் போகிறோம் என்றும் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பிப் பெற்றோர் பிள்ளைகளோடு வந்து நூலக வாசலில் உட்கார்ந்து அந்தப் புத்தகங்களை உரக்கப் படித்தார்கள். கடைசியில் இரண்டு நூல்கள் பெரியவர் பகுதிக்கு மாறின. மூன்றாவது அதற்குள் கூழாகிவிட்டது. அந்தக் கதைகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் பொதுநூலகம் புத்தகத்தைக் கூழாக்கியது தவறு. போரில்கூட இரண்டு எதிரிகள் சேர்ந்து காப்பாற்றிய நூலகம் இது.

இனி நம் கதைக்கு வருகிறேன். தமிழ் அலமாரிக்கு.

1886-இல் இந்தக் குடியேற்றத்தில் நூல் பதிவுச் சட்டம் ஒன்று வந்தது. இங்கே எது அச்சானாலும் அரசாங்கத்திடம் பிரதி கொடுத்துப் பதிய வேண்டும். வெள்ளைக்காரன் தமிழ்மேல் வைத்த பாசத்தால் போட்டதல்ல, யார் என்ன அச்சடிக்கிறான் என்று தெரிந்துகொள்ளப் போட்டது. அடுத்த ஆண்டு, 1887-இல், யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகர் அந்தாதி' இங்கே அச்சேறியது. அதே ஆண்டில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். மூன்று ஆண்டுகள் ஓடி நின்றது. அந்தக் காலத்தில் இங்கே அச்சான தமிழ்ப் பிரதிகளைத் தேடுகிறவர்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகம்வரை போக வேண்டியிருந்தது. அங்கே இருந்ததே சட்டப்படி யாரோ ஒரு எழுத்தர் எடுத்து அனுப்பிவைத்ததால்தான். நம் தாத்தாக்கள் வீட்டில் இருந்த பிரதிகளைக் கரையான் தின்றது.

இன்று 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' என்ற நூலக இணையத் தொகுப்பில் 'சிங்கை நேசனை' வீட்டிலிருந்தே படிக்கலாம். கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசின்' பழைய இதழ்களும் உண்டு. கப்பல் வந்த நேரம், அரிசி விலை, கல்யாண அறிவிப்பு, யாரோ யாரையோ திட்டி எழுதிய கடிதம் என்று உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. நாடு பொன்விழாக் கொண்டாடிய 2015-இல், தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் என்று சமூகமே திரண்டு, அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டூழியர்கள் வீடு வீடாகத் தேடி, 1965-க்குப் பின் சிங்கப்பூரர் எழுதிய சுமார் 350 தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கி நூலகத்திடம் கொடுத்தார்கள். பிறகு நாடகம், இசை, நடனம் என்று தொடர்ந்தது. ஏன் வீடு வீடாகத் தேட வேண்டியிருந்தது? எழுதியவர் வீட்டிலேயே பிரதி இல்லை, அதனால்தான்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். அப்பா காலமான மறு ஆண்டு, வீடு மாறும்போது அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். கோயில் கும்பாபிஷேக மலர், துறைமுகத் தொழிலாளர் நாடகக் குழுவின் ஆண்டு மலர், பள்ளிக்கூட நன்கொடை ரசீதுப் புத்தகம், யார் யாரோ கல்யாணப் பத்திரிகை. பூச்சி அரித்திருந்தது. தூசி தும்மல் வரவழைத்தது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதையெல்லாம் புது வீட்டுக்குமா?" என்று கேட்டாள். வாசலில் பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரர் ஹாரன் அடித்தார். பழைய துணியோடு சேர்த்து எடைக்குப் போட்டேன். இரண்டு வெள்ளி சொச்சம் கிடைத்தது.

பல ஆண்டு கழித்து, இங்கத்துத் தமிழ் நாடகத்தைப் பற்றி ஆராயும் ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். அந்தத் துறைமுகக் குழுவின் மலர் எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். தேசிய நூலகத்தில் தேடிவிட்டாராம், இல்லை. என் அப்பா அந்தக் குழுவில் பெண் வேடம் கட்டியவர். மலரில் அவர் படம் இருந்தது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், பிள்ளைகளுக்கு வரலாறு முக்கியம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவன். அந்தப் பெண்ணிடம் நான் என்ன பதில் சொல்லட்டும்?

சட்டம் இப்போதும் இருக்கிறது. சிங்கப்பூரில் விற்பனைக்கோ பொதுமக்களுக்கு வழங்கவோ எதை வெளியிட்டாலும், நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகள் தேசிய நூலகத்துக்குத் தர வேண்டும். பெரிய பதிப்பகம் என்றில்லை, கவிதை நூலைச் சொந்தக் காசில் போட்டு நண்பர்களுக்குக் கொடுக்கிறவரும் தர வேண்டும். சங்கத்தின் ஆண்டு மலரும் அதில் அடங்கும். 2019 முதல் மின்னூலும் சேர்ந்திருக்கிறது. நம்மில் பலர், நூலகம் என் புத்தகத்தை வாங்கவில்லை என்று வருத்தப்படுகிறோம். அந்த வருத்தத்தோடு இரண்டு பிரதி கொடுத்துவிட்டு வருத்தப்படலாம்.

இரவல் எடுப்பதும் அப்படித்தான். யாரும் தொடாத புத்தகத்தை வரிசையிலிருந்து விலக்குவது உலகத்து நூலகங்களுக்கெல்லாம் வழக்கம். தமிழ் அலமாரி சுருங்குகிறது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள், கூட்டம் முடிந்து அலமாரிப் பக்கம் திரும்பாமல் நேரே உணவங்காடிக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். நானும் போயிருக்கிறேன். இன்றைக்கு வேண்டாம். இந்த அரங்கின் கதவைத் திறந்தால் இடப்பக்கம் தமிழ்ப் பகுதி. ஆளுக்கு ஒன்றாவது எடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். வீட்டு அலமாரியின் மேல்தட்டில், பழைய பாய்க்குப் பின்னால், ஏதாவது ஒரு மலரோ ரசீதோ துண்டறிக்கையோ இருக்கும். படிக்காமல் குப்பை என்று முடிவு கட்ட வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பையில் போட்டு எடுத்து வாருங்கள். வேண்டுமா வேண்டாமா என்று நூலகத்தார் பார்த்துச் சொல்வார்கள். எங்கள் பேட்டைக்குக் காராங் குனிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். நம் அடுத்த கூட்டம் சனிக்கிழமை.